மயிலாத்தாள் கொடுத்த இடம்

மயிலாத்தாள் "அதுக்கென்னங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்று சொல்லி அரை விரற்கடை நகர்ந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மூன்று பேர் உட்காருகிற டவுன் பஸ் சீட்டில் ஐந்தாவதாக ஒரு பெண்மணி, இடுப்பில் குழந்தையும் மடியில் தூக்குச்சட்டியுமாக, தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அந்த பஸ்ஸில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் திருப்பூரில் காலை நேரத்தில் பனியன் கம்பெனிக்கு ஓடுகிற கூட்டத்துக்கு சீட் எப்படி நீண்டது என்று யோசிக்க நேரமில்லை, நீண்ட சீட்டில் இன்னும் ஒருவர் உட்காரலாமா என்று யோசிக்கத்தான் நேரமிருந்தது. கண்டக்டர் மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யக்கா, தெனமும் இதே பஸ்ஸுக்கே வந்துருங்க" என்று கேட்டுக்கொண்டார்.

இந்த மயிலாத்தாள், ஓடைக்கரையில் சென்னியப்பன் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில், ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் ஒற்றை அறைகளின் வரிசைக்கு நடுவில், புருஷன் காளியப்பனோடும் மகள் தாரணியோடும் குடியிருந்தவள். காளியப்பன் டெய்லர். மயிலாத்தாளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். பனியனில் இருக்கிற ஓட்டையெல்லாம் இவள் கண்ணில் படும், மனுஷரிடம் இருக்கிற ஓட்டைதான் படாது என்று பக்கத்து வீட்டுத் துளசிமணி கேலி பேசுவாள். அது பொய். எல்லாம் பட்டது. ஒதுக்கிப் போடத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வெள்ளைக்காரன் ரயிலையும் தபாலையும் விட்டுப்போன மாதிரி அதையும் விட்டுப்போனான். அவன் ஊரில் அதற்குத் திருகாணியை முறுக்குவது, கடிகார முள்ளைத் திருப்புவது என்று ஏதோ ஒன்றிரண்டு சில்லறை வேலைகள் இருந்திருக்கும். நம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் சகல வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டது. பஸ்ஸில் சொன்னால் நகர்ந்து உட்கார் என்று அர்த்தம், குழாயடியில் சொன்னால் உன் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போ என்று அர்த்தம், மளிகைக் கடையில் சொன்னால் அரிசியில் கல் இருக்கிறது, வாயைத் திறக்காதே என்று அர்த்தம், கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னால் இன்றைக்கும் இருட்டின பிறகுதான் வீடு என்று அர்த்தம், அதே சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் வேறு அர்த்தம், அந்த அர்த்தத்துக்குப் பயந்துதான் மயிலாத்தாள் அடுத்தடுத்துக் கம்பெனி மாறினாள். புருஷன் கைநீட்டின மறுநாள் பெற்ற தாய் வந்து சொன்னால் முகத்தைக் கழுவிக்கொண்டு உலை வை என்று அர்த்தம். பொறுத்துப்போ, விட்டுக்கொடு, ஒதுங்கு, குனி, கண்டுகொள்ளாதே, விழுங்கு, சிரித்த முகமாக விழுங்கு, இத்தனையையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருகிற சாமர்த்தியம் வேறெந்தச் சொல்லுக்கும் வாய்க்கவில்லை. முன்னால் 'கொஞ்சம்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கேட்கிறவர் கையும் சுத்தமாகிவிடும்.

லைன் வீட்டின் கடைசியில் இருந்த தமிழ் வாத்தியார் குழந்தைவேலுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. இடம் பெருகுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, அது இங்கிலீஷில் பெருகுவதுதான் ஆட்சேபம். புத்தக அலமாரி வைக்க இடம் வேண்டியிருந்த ஒருநாள் மயிலாத்தாளைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு நிறுத்தி, "அம்மா, சற்றே நகர்ந்துகொள்ளுங்கள்" என்றார். "எவ்வளவு தூரமுங்க சார்?" என்று கேட்டு, அவர் கை காட்டிய இடம் வரைக்கும் நகர்ந்தாள். சுவர் நகரவில்லை. "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "எது வரைக்குமுங்க?" என்றாள். "விட்டுக்கொடுங்கள்" என்றார். "எதைங்க சார் வுடோணும்?" என்றாள். அனுசரித்துப் போங்கள் என்றதற்கு யாரை என்று கேட்டாள், இணங்குங்கள் என்றதற்கு எதற்கு என்று கேட்டாள். வாத்தியார் எடுத்துவிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. கடைசியில் அவர் வியர்த்துப்போய், வெளியே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, அடிக்குரலில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அதுக்கென்னங்க சார்" என்றாள். சுவர் ஒரு ஜாண் தள்ளிப் போனது, அலமாரி உள்ளே போனது. எவ்வளவு, எதை, எதுவரைக்கும் என்று திருப்பிக் கேட்க முடியாத சொல் அது ஒன்றுதான் என்று வாத்தியாருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். ஆனால் அலமாரி கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கரண்டு வந்ததை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படி எடுத்துக்கொண்டது. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, வராத நேரத்தில்தான் கேட்டார்கள். துளசிமணி புது பிரிட்ஜ் வாங்கியபோது மயிலாத்தாளைக் கூப்பிட்டாள், எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தக் கூப்பிட்டார், சென்னியப்பன் தன் இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் நடுவில் இல்லாத ஒரு சந்தில் இன்னும் இரண்டு வீடு கட்டக் கூப்பிட்டார், கல்யாண மண்டபங்களில் பந்திக்குக் கூட்டம் முட்டினால் ஆளனுப்பி அவளைக் கூட்டிவந்து இலை வரிசையின் கடைசியில் உட்கார வைத்தார்கள், அவள் முதல் கவளத்தை எடுக்கும் முன் யாராவது ஒருவர் வந்து குனிந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா" என்பார், அவள் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுவாள், வரிசை மண்டபத்தின் சுவரையும் தாண்டி நீளும், வந்தவர்களெல்லாம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிப் போவார்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள், மற்றவர் கேட்டிருப்பார் என்றும் நினைத்தார்கள். பிறகு, கல்யாணம் நிச்சயமான பெண்களை அவளிடம் கூட்டிவருவது ஒரு சடங்காகவே ஆகிப்போனது. பட்டுப்புடவை எடுத்த கையோடு ஓடைக்கரைக்கு வந்து, மயிலாத்தாள் கையால் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைக்கச் சொல்லி, "இந்தக்காளப் பாத்துக்கோ அம்மிணி, இப்படித்தான் போற எடத்துல இருக்கோணும்" என்று தாய்மார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். குங்குமம் வைக்கும்போது அந்தப் பெண்களின் முகத்தை மயிலாத்தாள் நேராகப் பார்க்க மாட்டாள். பார்த்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த துணி மாதிரி அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இத்தனை இடமும் வானத்திலிருந்து கொட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வீடு திரும்பியபோது அவள் வீட்டுச் சுவர் கொஞ்சம் உள்ளே வந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும், கதவைத் திறந்து உள்ளே போனால்தான் தெரியும். முதலில் கட்டில் போனது, பிறகு பீரோ வாசலுக்குப் போய் மழையில் துருப்பிடித்தது, பிறகு மூன்று பாய் விரிக்கிற இடத்தில் இரண்டு பாய் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்தன, மயிலாத்தாள் முழங்காலை நெஞ்சோடு மடித்துச் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுக்கப் பழகிக்கொண்டாள். கால் நீட்டிப் படுத்தது கனவில்தான். கனவில்கூட யாராவது கேட்டால் மடக்கிக்கொள்வாள்.

"ஊரே உன்னயக் கும்புடுது. காலக் கொஞ்சம் மடக்கிப் படுத்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றான் காளியப்பன். அவனுக்குப் பெருமைதான். கம்பெனியில் அவனை எல்லோரும் மயிலக்கா வீட்டுக்காரர் என்று மரியாதையாகப் பார்த்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

தாரணிக்கு மட்டும் பெருமை இல்லை. அவள் அந்தச் சுவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள், உட்கார்ந்து படித்து, உட்கார்ந்தே தூங்கி, பி.காம். முடித்து, ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்கு முடியாது என்ற சொல் சாதாரணமாக வரும். எதிர்வீட்டுக்காரர் அவளிடம் வண்டியை எடுத்து அந்தப்பக்கம் வைக்கச் சொன்னால், "முடியாதுங்கண்ணா, நீங்க உங்க வண்டிய எடுத்து வெச்சுக்கோங்க" என்பாள். வானம் இடிந்து விழாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்க்குத் தலை பின்னிவிடும்போது அவளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள்.

"சொல்லும்மா. முடியாதுங்க. அவ்வளவுதான்."

"முடி..." என்று ஆரம்பித்து மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். "முடிஞ்சாப் பாக்கறனுங்க."

"அதில்லம்மா. முடியாது."

"முடியா... முடியாமப் போயிருமாங்க, பாத்துக்கலாம்."

"ஏம்மா, உனக்கு நாக்கு அங்க போகவே போகாதா? இந்த ஊடு எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுதா இல்லியா?"

"தெரியுது கண்ணு," என்றாள் மயிலாத்தாள். சிரிப்பு நின்றிருந்தது. "கேக்கறவங்க மூஞ்சியப் பாத்தா மறந்து போயிருது."

தாரணி பின்னலை முடித்தாள். தன் மகள் தன்னைப்போல இல்லை என்பதுதான் மயிலாத்தாளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே நிம்மதி. வீடு போனால் போகட்டும், இவள் நிமிர்ந்து நிற்பாள் என்று நினைத்துக்கொள்வாள். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சொத்து அது.

அந்தச் சொத்துக்கும் ஆள் வந்தார்கள். வெள்ளகோவிலில் தறி வைத்திருந்த குடும்பம், மாப்பிள்ளை பெயர் தினகரன், தாய் மரகதம். பெண் பார்க்க வந்த அன்று மரகதம் தாரணியின் படிப்பையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "எங்களுக்குப் பவுனே வேண்டாமுங்க சம்பந்தி. மயிலாத்தா பெத்த புள்ள, அது போதும்" என்றாள். நகை வேண்டாம் என்று சொல்கிற சம்பந்தியை அதற்கு முன் கண்டிராத லைன் வீடு மூக்கில் விரலை வைத்தது. நீளாத சீட்டைப் பார்த்தால்தான் வியக்கிற ஜனம் அது, பவுன் வேண்டாம் என்கிற மாமியாரைப் பார்த்து வியந்தது. அவர்களுடைய தறிப்பட்டறைக்குள் இன்னும் இரண்டு தறி போட இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தாயிடம் இருப்பது மகளிடமும் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பசுவைப் பார்த்துக் கன்றை ஓட்டிப்போகிறவர்கள் செய்கிற கணக்கு.

தாரணிக்கு இஷ்டமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை சிரித்த முகமாக இருந்தான், வேலைக்குப் போகலாம் என்றான், அவளும் சரி என்றாள். வேலையை விட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னது கல்யாணமான முதல் மாதத்தில், தறிக்குப் பக்கத்து அறையில் கொழுந்தன் குடும்பத்தோடு படுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னது அதற்கடுத்து. ஒவ்வொன்றுக்கும் அவள் முடியாது என்றாள். சுவரும் நகரவில்லை. "உங்கம்மாகிட்ட இருக்கறது உன்கிட்ட இல்லியே, எங்கள ஏமாத்திக் கட்டிவெச்சுட்டாங்க" என்று மரகதம் தெருவில் நின்று சொன்னாள். தினகரன் அடித்தான். அடித்தபோதும் தாரணி அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன் என்று சொல்லவில்லை. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் வந்து சேர்ந்தது சாயங்காலம். கதவைத் திறந்தவுடன் அவளுக்கே தெரிந்துவிட்டது. கல்யாணமாகிப் போன பிறகு தாய்வீடு இன்னும் ஒடுங்கிப் போயிருந்தது. அவள் கல்யாணப் பந்தியிலேயே மயிலாத்தாளைப் பலமுறை எழுப்பியிருந்தார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், இன்னொரு ஆள் அவருக்குப் பின்னால் நுழையலாம், மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். தாரணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. பெற்ற மகளை உள்ளே வா என்று கூப்பிட மயிலாத்தாளுக்கு உள்ளே என்று ஒன்று இல்லை.

அவள் துளசிமணி வீட்டுக் கதவைத் தட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்கப் போனதால் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. "துளசி, எம்புள்ள வந்திருக்குது. ராத்திரிக்கு மட்டும் உங்க ஊட்டுல ஒரு ஓரமா..."

பிரிட்ஜும் சோபாவும் டைனிங் டேபிளும் போட்டது போக நடந்து சுற்றிவர இடமிருந்த அந்த அறையின் நடுவில் நின்றுகொண்டு துளசிமணி, "அக்கா, உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்கே எடம் பத்த மாட்டேங்குது" என்றாள். சொல்லும்போது அவளுக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது, கண்கூடக் கலங்கியது. எதிர்வீட்டில் விருந்தாளி வரப்போவதாகச் சொன்னார்கள். வாத்தியார் வீட்டில் புத்தகம் இருந்தது. சென்னியப்பன், இல்லாத சந்தில் கட்டின இரண்டு வீட்டுக்கும் அட்வான்ஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார். தாரணி அன்று துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து தூங்கினாள். பக்கத்தில் மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் லைன் வீடே வாசலில் கூடியது. இடம் கொடுக்காதவர்கள் எல்லோரும் புத்தி கொடுக்க வந்தார்கள்.

"ஆம்பள கோவத்துல ஒரு அடி அடிச்சுட்டா ஊட்ட வுட்டு வந்தர்றதா அம்மிணி?" என்றாள் துளசிமணி.

"தறி போட எடம் கேக்கறாங்க, உசுரையா கேட்டாங்க?" என்றார் சென்னியப்பன். "மயிலாத்தா புள்ளன்னு சொல்லித்தான கட்டிக்குடுத்தோம். எங்க பேரயும் பாக்கோணுமல்ல?"

"இல்லறம் என்பது..." என்று வாத்தியார் ஆரம்பித்தார், பிறகு முடிப்பதற்கு ஏற்ற தமிழ் கிடைக்காமல், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாத்தானம்மா" என்றார்.

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வெச்சுக்கறது புள்ள, நீயே சொல்லு" என்று மனைவியைப் பார்த்தான்.

தாரணி தாயை மட்டும் பார்த்தாள். "நீ சொல்லும்மா," என்றாள். "இவங்க சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ வேண்டாம்னு சொன்னா நான் இந்தக் கல்லு மேலயே இருந்துக்கறேன், ஒரு ஹாஸ்டல் பாத்துப் போயிக்கறேன். நீ போன்னு சொன்னாப் போறேன்."

மயிலாத்தாள் நாக்கு முடியாது என்ற சொல்லைத் தேடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை படித்த பாடம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றி நின்ற எல்லா முகங்களும் அவளையே பார்த்தன, கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் மறந்துபோகும், மறந்துபோனது. அத்தனை வருஷமாகத் தன்னிடம் மற்றவர்கள் சொல்லிவந்த சொல்லை அவள் முதல்முதலாக இன்னொருவரிடம் சொன்னாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு."

தாரணி கல்லிலிருந்து இறங்கினாள். பிறகு, "அதுக்கென்னம்மா" என்றாள். குரலும் தாயின் குரலாகவே இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அவள் ஓடைப்பாலத்தைத் தாண்டும்போது மயிலாத்தாள் வீட்டுக்குள்ளே ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது. காளியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இங்க வா! செவுரு தள்ளிப் போயிருக்குது!" என்று கத்தினான்.

லைன் வீடு கொண்டாடிவிட்டது. கொடுத்தவளுக்குக் கடவுள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்றார்கள், துளசிமணி பாயசம் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் சுவர் நகர்ந்தது, காலையில் ஒரு விரல், மத்தியானம் ஒரு விரல், சில நாள் சாயங்காலத்தில் திடுக்கென்று ஒரு முழம். பீரோ உள்ளே வந்தது. காளியப்பன் தேக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, அதில் குறுக்காகப் படுத்துப் பார்த்து, "பாரு, நம்ம புள்ளைக்கு எல்லாம் சரியாயிருச்சாட்ட இருக்குது. அதான் ஊடு பெருகுது" என்று சந்தோஷப்பட்டான். மயிலாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும், அங்கே தாரணி யார் கேட்டு எதற்குத் தலையாட்டினாலும் முதலில் கேட்ட வாய் தன்னுடையது, அதனால்தான் பங்கு இங்கேயும் வந்து சேர்கிறது என்று. விரலளவு நகர்ந்தால் இன்றைக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். முழமளவு நகர்ந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனாலும், சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அவள் அந்தக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாள். முழங்கால் நீண்டபோது எலும்பெல்லாம் அழுதது. அப்படியொரு தூக்கம் அவள் கல்யாணத்துக்குப் பிறகு தூங்கியதில்லை.

இனி பொறுக்க முடியாது என்று ஒருநாள் வெள்ளகோவிலுக்குக் கிளம்பினாள். மகளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது மரகதம் வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தியம்மா, உங்க புள்ள தங்கமுங்க! மொதல்ல முரண்டு புடிச்சுது, இப்ப எதைச் சொன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டறையில் புதுத்தறிகள் ஓடின, அதற்கும் அப்பால் இன்னும் இடம் கிடந்தது. தாரணியின் அறை எது என்று கேட்டதற்கு, தறிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கைக் காட்டினார்கள். அதில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். நிற்கத்தான் இடமிருந்தது.

"ஏம்மா வந்த?" என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். தறிச்சத்தத்துக்கு மேலே கேட்பதற்காகக் காதருகில் குனிந்து, "ஊடு பெருசாச்சா? இப்பக் கால் நீட்டிப் படுக்கறியா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள் என்று மயிலாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து, "வா கண்ணு, போயர்லாம். இப்ப எடம் இருக்குது" என்றாள்.

"நான் அங்க வந்துட்டா அந்த எடம் இருக்காதும்மா. செவுரு பழையபடி உள்ள வந்துரும். கட்டில வெளிய எடுத்துப் போடோணும், நீ மறுபடியும் மடங்கிப் படுக்கோணும். அப்பவும் கூட்டிப் போறியா? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. கூட்டிப்போகிறேன் என்று சொல்லத்தான் மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். ஆனால் திறந்த வாய்க்கும் வரவேண்டிய சொல்லுக்கும் நடுவில், முந்தின இரவு கட்டிலில் நீண்டு கிடந்த தன் இரண்டு கால்களும், குளிர்ந்த மரத்தில் குதிகால் உரசிய சுகமும், ஒரு இமைப்பொழுது, ஒரே ஒரு இமைப்பொழுது அவள் நினைப்பில் வந்துவிட்டுப் போயின. அவ்வளவுதான். அடுத்த மூச்சில் "கூட்டிப் போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டாள், சத்தமாகவே சொன்னாள், மணிக்கட்டையும் விடவில்லை.

ஆனால் தாரணி அந்த இமைப்பொழுதைப் பார்த்துவிட்டாள். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கும் தாயிடமிருந்து வந்ததுதான். தாயின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுத்தாள்.

"அதுக்கென்னம்மா," என்றாள். "உக்காரு, காப்பி போட்டுட்டு வாரேன்."

மயிலாத்தாள் அந்தக் காப்பியைக் குடித்தாள். குடிக்கும்போது அழுதாள், மரகதம் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருட்டுவதற்குள் ஓடைக்கரைக்குத் திரும்பி வந்தபோது காளியப்பன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்லாக, "எங்க போன நீ? உள்ள வந்து பாரு புள்ள," என்றான். "மத்தியானத்துல இருந்து நமக்கு ரெண்டு ரூம்பு."